கிட்டி யார்? ஆன் ஃபிராங்கின் கடிதங்களும் அவற்றைப் பெற்றவர்களும்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் பயிலும் 'ஃபர்ஸ்ட் ஃபிளைட்' என்னும் ஆங்கிலப் பாடநூலில் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பிலிருந்து ஒரு பகுதி இடம்பெற்றுள்ளது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மனம்விட்டுப் பேசத் தோழி இல்லாமையால் நாட்குறிப்பையே தோழியாகக் கொண்டு அதற்குக் கிட்டி என்று பெயர் சூட்டுகிறாள். வகுப்பில் ஓயாமல் பேசியதற்குத் தண்டனையாகக் கணக்கு ஆசிரியருக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கிறாள். தனிமையில் இருந்தாள், ஆதலால் எழுதினாள் என்ற விடையோடு அப்பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

அந்த விடை முற்றிலும் பிழையன்று. ஆயினும் அதில் இரு வரலாற்றுச் செய்திகள் விடுபட்டுப் போகின்றன. முதலாவது, 1942 ஜூன் 20 என்று நாளிட்ட அப்பகுதியை ஆன் எழுதியது அந்த நாளில் அன்று; ஏறத்தாழ ஈராண்டுகள் கழித்து, பதினைந்து வயதை எட்டும் தறுவாயில் எழுதினாள். இரண்டாவது, கிட்டி என்ற பெயர் முதலில் நாட்குறிப்புக்குச் சூட்டப்பட்டதன்று. டச்சுச் சிறுமியர் விரும்பிப் படித்த ஒரு புதினத்தில் வரும் பாத்திரத்தின் பெயர் அது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், உலகம் நாட்குறிப்பு என்று அறிந்திருக்கும் நூல் ஒரு கடிதத் தொகுப்பாகவே தோன்றும். பதில் எழுத இயலாத தோழியருக்கு ஒரு சிறுமி எழுதிய கடிதங்கள் அவை. அத்தொடரின் தொடக்கத்தை அறிய 1940ஆம் ஆண்டு வசந்தகாலத்துக்கும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கும் செல்ல வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் வேற்றுநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அமைப்பு வடிவம் பெற்றது. முதலில் அது மொழிப் பயிற்சி. பிரெஞ்சு மாணவன் ஆங்கிலத்திலும் ஆங்கிலேய மாணவன் பிரெஞ்சிலும் எழுதிப் பழகுவதே நோக்கம். முதல் உலகப் போருக்குப் பின் அதனோடு வேறொரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. ஒருவரையொருவர் அறிந்த பிள்ளைகள் வளர்ந்தபின் ஒருவர்மீது ஒருவர் படையெடுக்கமாட்டார்கள் என்று ஆசிரியர்கள் நம்பினர். பேனா நட்பு என்று பின்னாளில் நம் நாட்டிலும் பரவிய பழக்கம் அந்த நம்பிக்கையின் பிள்ளை.

அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் நகருக்கு அருகே டான்வில் என்ற சிற்றூர் உள்ளது. வேளாண்மையே அவ்வூரின் வாழ்வு. அங்குள்ள பள்ளியில் பேர்டி மேத்யூஸ் என்ற ஆசிரியை பணியாற்றினார். ஐரோப்பாவுக்குப் பயணம் சென்று வந்தவர். தம் மாணவர்களின் பார்வை தம் ஊரின் எல்லையோடு நின்றுவிடலாகாது என்று கருதியவர். 1940ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் அவர் வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வகுப்பில் அளித்தார். ஹுவானிட்டா வாக்னர் என்ற பத்து வயதுச் சிறுமி அதில் ஆம்ஸ்டர்டாமில் வாழும் ஒருத்தியின் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் எழுதினாள். தனக்கு பெட்டி ஆன் என்ற அக்காள் உண்டு என்றும் அதில் தெரிவித்தாள்.

விரைவிலேயே பதில் வந்தது. ஒன்றுக்கு இரண்டாக வந்தது. ஹுவானிட்டாவுக்கு ஆன் எழுதியிருந்தாள். பதினான்கு வயது பெட்டி ஆனுக்கு, அதே வயதுடைய மார்கோ ஃபிராங்க் எழுதியிருந்தாள். ஆனின் கடிதம் 1940 ஏப்ரல் 29 என்று நாளிட்டது.

அக்கடிதத்தில் அவள் தன் வீட்டைப் பற்றிச் சொல்கிறாள்: பாட்டி உடன் வாழ்கிறார், தந்தைக்கு அலுவலகம் இருக்கிறது, தாய் வீட்டு வேலைகளைக் கவனிக்கிறார். தான் ஐந்தாம் வகுப்பில் படிப்பதையும் தன் பள்ளியில் மாண்டிசோரி முறை பின்பற்றப்படுவதையும் விளக்குகிறாள். நிலப்படத்தைப் பார்த்து பர்லிங்டனைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தெரிவிக்கிறாள். படம் அச்சிட்ட அஞ்சலட்டைகளைச் சேர்க்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. ஏறத்தாழ 800 அட்டைகள் சேர்ந்திருந்தன. ஆம்ஸ்டர்டாம் காட்சியுள்ள அட்டை ஒன்றையும் உடன் வைத்தாள். தோழியின் பிறந்த நாளைக் கேட்டாள். முகம் எப்படியிருக்கும் என்று அறியும் ஆவலில் புகைப்படமும் கேட்டாள். தன் தோழி ஒருத்திக்கும் அமெரிக்கத் தோழி வேண்டும், ஆனால் பையன் வேண்டாம் என்றும் குறிப்பிட்டாள். தன் பள்ளியில் படித்த பிள்ளை ஒருவர் நியூயார்க்குக்குச் சென்றுவிட்டதையும் அங்கிருந்து வகுப்புக்குக் கடிதம் வந்ததையும் ஒரு வரியில் சொல்லிச் செல்கிறாள்.

பேனா நட்புக் கடிதங்களுக்கு உரிய இலக்கணம் முழுவதும் இதில் பொருந்தியுள்ளது. அவ்வகைக் கடிதம் சமநிலையை அடிப்படையாகக் கொண்டது. உனக்கு என்ன வயது, எனக்கு இவ்வளவு. உன் பிறந்த நாள் எது, என்னுடையது இது. உன் படத்தை அனுப்பு, என் படம் இதோ. மறுமுனையில் இருப்பவர் திருப்பிச் சொல்லக்கூடியதை மட்டுமே ஒருவர் எழுதுகிறார். திருப்பிச் சொல்ல இயலாத செய்திக்கு அதில் இடமில்லை.

அதனால்தான் அக்கடிதத்தில் சொல்லப்படாதவை வரலாற்று மாணவருக்கு முக்கியமாகின்றன. தாங்கள் யூதர்கள் என்பதை ஆனும் எழுதவில்லை, மார்கோவும் எழுதவில்லை. 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததால் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வெளியேறிய குடும்பம் தங்களுடையது என்பதும் அதில் இல்லை. மார்கோ மட்டும் சற்றே திரையை விலக்குகிறாள்: ஜெர்மனியோடு எல்லையைப் பகிரும் சிறிய நாடு ஆகையால் அச்சமின்றி இருக்க முடியவில்லை என்றும், வானொலியை அடிக்கடி கேட்கிறோம் என்றும், சுவிட்சர்லாந்தில் உள்ள உறவினரைக் காணப் பயணம் செய்ய வழியில்லை என்றும் எழுதுகிறாள். பதினான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையிலுள்ள தொலைவு இந்த இரு கடிதங்களுக்கும் இடையே தெரிகிறது.

கடிதம் ஆங்கிலத்தில் உள்ளது. ஆனுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. அவள் டச்சு மொழியில் சொன்னதைத் தந்தை ஓட்டோ ஃபிராங்க் மொழிபெயர்த்துக் கொடுக்க, அவள் பார்த்து எழுதினாள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆகவே அதில் ஒலிப்பது தனியொரு சிறுமியின் குரல் மட்டுமன்று. சொற்களைத் தெரிந்தெடுத்த தந்தையும் அதில் இருக்கிறார். குழந்தைகளின் எழுத்தைச் சான்றாகக் கொள்ளும் எந்த ஆய்வும் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

அந்தத் தந்தை எத்தகைய மனநிலையில் அமெரிக்க முகவரிக்கு மகளின் கடிதத்தை மொழிபெயர்த்திருப்பார்? 1938இலேயே அவர் ராட்டர்டாமில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற அனுமதி கோரி விண்ணப்பித்திருந்தார். 1940 மே 14 அன்று நிகழ்ந்த குண்டுவீச்சில் அங்கிருந்த விண்ணப்பங்கள் எரிந்தன. 1941 ஏப்ரல் 30 அன்று, மகளின் கடிதத்துக்கு ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழித்து, அவரே அமெரிக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நாட்களிலிருந்து நண்பரான நேதன் ஸ்ட்ராஸுக்கு எழுதிய அக்கடிதத்தில், குடியேற்றத்துக்குப் பிணைத்தொகையாக 5,000 டாலர் தந்து உதவ இயலுமா என்று கேட்டார். முக்கியமாகக் குழந்தைகளின் பொருட்டே கேட்பதாகவும் தெரிவித்தார். ஸ்ட்ராஸ் முயன்றார், அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் கடிதப் போக்குவரத்து நியூயார்க்கில் உள்ள யிவோ ஆவணக் காப்பகத்தில் பல்லாண்டுகள் அறியப்படாமல் கிடந்து 2007இல்தான் பொதுப்பார்வைக்கு வந்தது. நியூயார்க்குக்குச் சென்ற பள்ளித் தோழமையைப் பற்றிச் சிறுமி எழுதிய அந்த ஒற்றை வரியின் கனம் இந்த ஆவணங்களோடு சேர்த்துப் படிக்கும்போதே புலப்படுகிறது.

ஆன் கடிதம் எழுதிய பதினோராம் நாள், 1940 மே 10 அன்று, ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. வாக்னர் சகோதரியர் உடனே பதில் எழுதினர். ஆம்ஸ்டர்டாமிலிருந்து மறுபடி கடிதம் வரவில்லை. டான்வில் பள்ளிச் சிறுமியருக்கு அதன் காரணம் போர் என்று மட்டும் தெரிந்திருந்தது.

அடுத்த ஈராண்டுகளில் ஆனின் உலகம் படிப்படியாகச் சுருக்கப்பட்டது. 1941 இலையுதிர்காலத்தில் யூதப் பிள்ளைகள் பிற பிள்ளைகளோடு படிக்கத் தடை வந்தது. அவள் யூத லைசியத்துக்கு மாற நேர்ந்தது. 1942 ஜூன் 12 அன்று, பதின்மூன்றாம் பிறந்த நாளில், நாட்குறிப்பு ஏடு கைக்கு வந்தது. ஜூலை 5 அன்று மார்கோவுக்கு ஜெர்மனியில் வேலை முகாமுக்கு வருமாறு அழைப்பாணை வர, மறுநாளே குடும்பம் பிரின்சன்கிராக்ட் 263ஆம் எண் கட்டடத்தின் பின்புறப் பகுதியில் தலைமறைவாயிற்று.

முதல் மாதங்களின் குறிப்புகளில் கிட்டி இல்லை. 1942 செப்டம்பரில்தான் வடிவம் மாறுகிறது. அந்த மாதத்தில் ஆன் சிசி வான் மார்க்ஸ்ஃபெல்ட் என்ற பெண் எழுத்தாளரின் 'யோப் தெர் ஹூல்' வரிசைப் புதினங்களில் மூழ்கியிருந்தாள். தனக்குக் குழந்தைகள் பிறந்தால் அவர்களுக்கும் இவற்றைப் படிக்கத் தரப்போவதாக எழுதும் அளவுக்கு அவை அவளுக்குப் பிடித்திருந்தன.

அப்புதின வரிசையின் முதல் நூல் 1919இல் வெளிவந்தது. யோப் என்ற பள்ளி மாணவி நெட் என்ற தோழிக்கு எழுதும் கடிதங்களாகக் கதை தொடங்குகிறது. மதிப்பெண் குறைவதைக் கண்ட தந்தை, நீண்ட கடிதங்கள் எழுதக் கூடாதென்று தடுக்கிறார். எழுதாமல் இருக்கமாட்டாத யோப் நாட்குறிப்புக்கு மாறுகிறாள். அவளும் தோழியரும் சேர்ந்து, பெயர்களின் முதல் அசைகளைக் கோத்துப் பெயரிட்ட ஒரு மன்றமும் வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்த நூல்களில் யோப் வளர்ந்து பெரியவளாகி மணம் புரிந்து தாயாகிறாள். சிறுமியர் தம் வளர்ச்சியைத் தாமே கண்டுகொள்வதற்கு டச்சு மொழியில் அமைந்த கண்ணாடி அந்த வரிசை. அதன் வடிவத்தில் ஒரு நுட்பமான செய்தியும் அடங்கியிருக்கிறது: கடிதத்துக்குத் தடை வரும்போது நாட்குறிப்பு பிறக்கிறது.

ஆனின் நிலையும் அதுவே. தலைமறைவில் இருப்பவர் அஞ்சலில் கடிதம் சேர்க்க இயலாது. 1942 செப்டம்பர் இறுதியிலிருந்து அவள் யோப்பின் தோழியர் குழுவுக்கே கடிதங்கள் எழுதலானாள். கிட்டி, போப், பியன், கோனி, லௌட்யே, மரியான், எம்மி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதினாள். அவர்களுடைய வாழ்வில் என்ன நடக்கிறது என்றும் விசாரித்தாள். அவளுக்குக் கிட்டி என்ற பெயரில் உண்மையான தோழியும் இருந்தமையால், சிலர் அவளையே நாட்குறிப்பின் கிட்டியாகக் கருதினர். ஆனால் கிட்டியைச் சூழ்ந்து நிற்கும் மற்றப் பெயர்கள் புதினத்தையே சுட்டுகின்றன.

அதே செப்டம்பரில், 25ஆம் நாள், உண்மையான தோழி ஜாக்குலின் வான் மார்செனுக்கு அவள் ஒரு விடைபெறும் கடிதம் எழுதினாள். அனுப்ப முடியாத அக்கடிதத்தை ஏட்டில் பதிந்து வைத்தாள். பின்னர், ஜாக்குலினிடமிருந்து பதில் வந்துவிட்டதாகக் கற்பித்துக்கொண்டு, வராத அந்தப் பதிலுக்கு மறுமொழியும் எழுதினாள். ஹுவானிட்டாவிடமிருந்து பிறந்த நாளையும் புகைப்படத்தையும் எதிர்பார்த்த பத்து வயதுச் சிறுமி, பதிமூன்று வயதில் இரு தரப்புக்கும் தானே பேச வேண்டியவளானாள்.

1943ஆம் ஆண்டுக்குரிய மூல ஏடு கிடைக்கவில்லை. 1943 டிசம்பர் இறுதியில் தொடங்கும் அடுத்த மூல ஏட்டில் கிட்டி ஒருத்தியே எஞ்சுகிறாள். மன்றத் தோழியரின் பேச்சு மறைந்துவிடுகிறது. இடையில் என்ன நிகழ்ந்தது என்பதைப் பிற்கால எழுத்திலிருந்தே உய்த்துணர வேண்டியுள்ளது. கிட்டி இப்போது புதினப் பாத்திரமும் அல்லள். எதையும் அறியாதவள், ஆதலால் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டியவள் அவள். டான்வில் தோழிக்குத் தன் பள்ளி முறையை விளக்கியது போலவே, மறைவிடத்தின் அறைகளையும் உணவையும் பூசல்களையும் கிட்டிக்கு ஆன் விளக்கிச் சொல்கிறாள்.

1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து ஒலிபரப்பாகும் ரேடியோ ஒரான்யேவில் நாடுகடந்த டச்சு அரசின் கல்வி அமைச்சர் கெரிட் போல்கஸ்டைன் பேசினார். ஆக்கிரமிப்புக் கால வாழ்வைக் காட்டும் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போருக்குப் பின் திரட்டப்போவதாக அறிவித்தார். மறைவிடத்தில் அதைக் கேட்டவர்கள் ஆனின் ஏட்டை நினைத்தனர். 1944 மே 20 அன்று அவள் அனைத்தையும் நூலாகத் திருத்தி எழுதத் தொடங்கினாள். பத்து வாரங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட தனித் தாள்கள் நிரம்பின. அத்திருத்த வடிவம் 1944 மார்ச் 29க்குரிய குறிப்போடு நிற்கிறது. அமைச்சரின் பேச்சைப் பற்றிச் சொல்லும் குறிப்பு அதுவே.

அந்தத் தாள்களில்தான், 1942 ஜூன் 20 என்ற நாளிட்டு, நம் பாடநூல் எடுத்தாளும் பகுதி இருக்கிறது. 1942இல் எழுதிய முதல் ஏட்டில் அது இல்லை. அந்நாட்களின் மூல ஏட்டில் பிறந்த நாள் விழாவும் பரிசுகளும் வகுப்புத் தோழர்களைப் பற்றிய குறும்பு நிறைந்த மதிப்பீடுகளும் நிறைந்துள்ளன. மனந்திறக்கத் தோழி இல்லை, ஆகவே கிட்டி என்ற விளக்கத்தை எழுதியது, நூலுக்கு முன்னுரை வேண்டும் என்பதை உணர்ந்த ஓர் எழுத்தாளர். மற்றத் தோழியர் அனைவரையும் நீக்கி, கிட்டியைத் தொடக்கத்துக்கே கொண்டுசென்று, சிதறிய ஏட்டுக்கு ஒரே முகவரியைத் தந்ததும் அவளே. பதின்மூன்று வயதின் வெளிப்படையான புலம்பல் என்று வகுப்பறை படிப்பதில், பதினைந்தை எட்டியவளின் தேர்ந்த அமைப்பு ஒளிந்திருக்கிறது. அவளுடைய மேதைமைக்கு இது குறை செய்யாது. அவளைப் பாதிக்கப்பட்டவளாக மட்டும் காண்பதிலிருந்து வாசகரை விடுவிக்கிறது.

1944 ஆகஸ்ட் 4 அன்று மறைவிடம் பிடிபட்டது. மார்கோவும் ஆனும் 1945ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பெர்கன்-பெல்சன் முகாமில் உயிர் நீத்தனர். 'யோப் தெர் ஹூல்' ஆசிரியரின் வாழ்வும் தப்பவில்லை. யூதரான அவர் கணவர் எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக 1944இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பள்ளிக் குறும்புகளை எழுதிய எழுத்தாளரும் அவற்றைப் படித்துச் சிரித்த சிறுமியும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே அழிவுக்குள் இருந்தார்கள்.

போர் முடிந்ததும் பெட்டி ஆன் பழைய முகவரிக்கு மறுபடி எழுதினார். இம்முறை பதில் வந்தது. எழுதியவர் ஓட்டோ ஃபிராங்க். மறைந்து வாழ்ந்த காலத்தையும் மகள்களின் மறைவையும் அவர் தெரிவித்தார். தம் தோழியர் யூதர்கள் என்பதை வாக்னர் சகோதரியர் அறிந்தது அப்போதுதான். அப்போது ஆசிரியையாகப் பணியாற்றிய பெட்டி ஆன், அக்கடிதத்தைத் தம் மாணவர்களோடு பகிர்ந்துகொண்டார். காலப்போக்கில் அக்கடிதம் தொலைந்துபோயிற்று. ஆனால் 1940இல் வந்த இரு கடிதங்களையும் சகோதரியர் காத்து வைத்திருந்தனர். நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1952இல் வெளிவந்தபின், அதை எழுதியவள் தம் தோழியே என்று அறிந்துகொண்டனர். 1988இல் நியூயார்க் ஏலத்தில் அக்கடிதங்கள் 1,65,000 டாலருக்கு விலைபோயின. வாங்கியவர் தம் பெயரை வெளியிடாமல் அவற்றை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள சைமன் வீசந்தால் மையத்துக்கு வழங்கினார்.

இரு நாட்டுப் பிள்ளைகளின் கடிதங்கள் வழியே வளர்ச்சியைச் சொல்லும் புதினம் இன்று சிறார் இலக்கியத்தில் ஒரு தனி வகை. சைலஸ் ஹவுஸும் நீலா வாஸ்வானியும் இணைந்து எழுதி 2012இல் வெளிவந்த 'சேம் சன் ஹியர்' அதற்கு நல்ல சான்று. இந்தியாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய மீனாவும் கென்டக்கி மாநிலச் சுரங்கத் தொழிலாளியின் மகன் ரிவரும் அதில் ஒருவருக்கொருவர் எழுதுகிறார்கள். கேள்விக்குப் பதில் வருகிறது, தவறான எண்ணம் அடுத்த கடிதத்தில் திருத்தப்படுகிறது, இருவரும் மாறுகிறார்கள். மறுமுனையிலிருந்து பதில் வரும் என்ற உறுதியே அவ்வகைப் புதினத்தை இயக்குகிறது. ஆன் ஃபிராங்கின் நூல் அந்த உறுதி குலைந்த இடத்தில் பிறந்தது.

வளர்தல் என்பதை அந்நூலில் முகவரிகளின் வழியே பின்தொடரலாம். பத்து வயதில் நிலப்படத்தில் தேடிக் கண்டுபிடித்த ஓர் ஊரின் சிறுமிக்கு, தந்தையின் சொற்களைக் கடன்பெற்று எழுதினாள். பதின்மூன்றில் புதினத்தின் தோழியருக்கு எழுதினாள். பதினைந்தை எட்டும்போது, இன்னும் பிறவாத வாசகர்களுக்கும் பொருந்தும்படி, ஒரே பெயருக்கு எழுதினாள். பேனா நட்பு அனுமதிக்காத செய்திகளையெல்லாம் அந்த ஒரு பெயரிடம் சொல்ல முடிந்தது. யூதராய் இருப்பதையும், தாயோடு கொண்ட பிணக்கையும், உடல் மாறுவதையும், அச்சத்தையும்.

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கிட்டி யார் என்று கேட்டால், நாட்குறிப்பின் பெயர் என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டியதில்லை. ஒரு புதினத்தில் வாழ்ந்த தோழி என்றும், கடிதம் எழுதத் தடை வந்த இடத்தில் ஒரு சிறுமி உருவாக்கிக்கொண்ட முகவரி என்றும் சொல்லலாம். ஹுவானிட்டாவிடம் கேட்ட புகைப்படம் ஆனுக்கு வந்து சேரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.